ஹச்சிஜோ தீவின் ஆளில்லா மாளிகை

டோக்கியோவின் ஆட்சி எல்லை எங்கே முடிகிறது என்று கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? தலைநகருக்குத் தெற்கே, பசிபிக் மாக்கடலில், ஏறத்தாழ 287 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஹச்சிஜோ என்னும் தீவும் அந்த எல்லைக்குள் அடங்கியதுதான். இரண்டு எரிமலைகள் அருகருகே எழுந்து ஒன்றாகச் சேர்ந்ததால் உண்டான தீவு இது. உயரமான எரிமலை 854 மீட்டர். தீவில் வாழ்வோர் ஏழாயிரம் பேர் அளவில்தான். டோக்கியோவிலிருந்து கப்பலில் புறப்பட்டால் ஓர் இரவுப் பயணம்; விமானத்தில் ஏறினால் ஒரு மணி நேரம்.

இச்சிறு தீவில் 1963ஆம் ஆண்டு ஒரு மாபெரும் விடுதி திறக்கப்பட்டது. ஹச்சிஜோ ராயல் ஓட்டல் என்பது அதன் பெயர். பழைய பிரெஞ்சு அரண்மனைகளை நினைவூட்டும் பரோக் பாணி முகப்பும், நீரூற்றும், கிரேக்கச் சிலைகளின் சாயலில் அமைந்த உருவங்களும் கொண்டது. அன்றைய ஜப்பானின் மிகப் பெரிய ஓட்டல்களுள் அதுவும் ஒன்று. பின்னர் பெயர்கள் மாறின. 2006ஆம் ஆண்டு கதவை அடைத்தார்கள். அதன்பின் இடிப்பாரும் இன்றி, பேணுவாரும் இன்றி அது பாழாகத் தொடங்கியது.

நடுக்கடலில் அரண்மனை கட்டத் துணிந்தவர்கள் கணக்குத் தெரியாதவர்களா? அல்லர். அவர்களது கணக்கைப் புரிந்துகொள்ள, அக்காலத்து ஜப்பானியர் ஒருவரின் நிலையில் உங்களை வைத்துப் பாருங்கள்.

நாடு போரின் அழிவிலிருந்து மீண்டுவிட்டது. உங்களிடம் நல்ல வேலை உண்டு. கையில் சிறிது பணமும் உண்டு. புதிதாக மணமுடித்திருக்கிறீர்கள். பனை மரங்களும் வெப்பக் கடலும் உள்ள இடத்துக்குப் போய்வர ஆசை. ஹவாய் போகலாமே என்றால், போக முடியாது. அரசு அயல்நாட்டுச் செலாவணியைப் பொன்போலக் காத்துவந்த காலம் அது. இயந்திரமும் எண்ணெயும் வாங்க டாலர் வேண்டும். அதைக் கடற்கரையில் உலாவச் செலவிடுவதா? ஆகவே வணிகம், கல்வி போன்ற காரணங்கள் இருந்தாலன்றி வெளிநாடு செல்ல அனுமதி கிடைக்காது. ஒகினாவாத் தீவுகளும் அப்போது அமெரிக்க ஆட்சியில் இருந்தன.

அப்படியானால் எஞ்சியது எது? குரோஷியோ என்னும் வெப்ப நீரோட்டம் தழுவிச் செல்லும் ஹச்சிஜோதான். அதை ‘ஜப்பானின் ஹவாய்’ என்றே விளம்பரம் செய்தார்கள். கடவுச்சீட்டு வேண்டாம், டாலர் வேண்டாம், யென் போதும்.

இதே தீவு முன்பு எதற்குப் பெயர்பெற்றிருந்தது தெரியுமா? தீவாந்தர தண்டனைக்கு! 1600ஆம் ஆண்டு செகிகஹாரா போரில் தோற்ற தரப்பைச் சேர்ந்த உகிதா ஹிதேயியே என்னும் பிரபுவை 1606இல் இங்கே அனுப்பினார்கள். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் இங்கேயே வாழ்ந்து 1655இல் அவர் இறந்தார். அவருக்குப் பின்னும் நூற்றுக்கணக்கானோர் இங்கே நாடு கடத்தப்பட்டனர். தப்பியோட முடியாத இடம் என்று அன்று தேர்ந்தெடுக்கப்பட்ட தீவு, போவதற்கு வேறிடம் இல்லாதவர்களின் உல்லாசபுரியானது வரலாற்றின் விளையாட்டு.

ஓட்டல் திறந்த மறு ஆண்டே நிலைமை மாறத் தொடங்கியது. 1964 ஏப்ரல் 1 முதல் பொதுமக்கள் சுற்றுலாவுக்காக வெளிநாடு செல்லலாம் என்று அரசு அறிவித்தது. ஆண்டுக்கு ஒருமுறைதான், கையில் 500 டாலருக்கு மேல் கொண்டுபோகக் கூடாது. அன்று ஒரு டாலருக்கு 360 யென் என்பது நிலையான மாற்று விகிதம். ஆகவே சாதாரணக் குடும்பத்துக்கு ஹவாய் இன்னும் எட்டாக் கனியே. அந்த ஆண்டு வெளிநாடு சென்ற ஜப்பானியர் ஏறக்குறைய 1,28,000 பேர் மட்டுமே. ஹச்சிஜோவுக்கு இன்னும் சில நல்ல ஆண்டுகள் மிச்சமிருந்தன.

பிறகு விகிதம் அசைந்தது. 1971இல் நிலையான மாற்று விகிதம் முறிந்தது. 1973 முதல் யென்னின் மதிப்பைச் சந்தையே தீர்மானித்தது. ஒகினாவா 1972இல் ஜப்பானுக்குத் திரும்பியது. அவ்வாண்டு வெளிநாடு சென்றோர் பத்து இலட்சத்தைத் தாண்டினர். நானூறு பேரைச் சுமக்கவல்ல பெருவிமானங்கள் வந்து கட்டணத்தைக் குறைத்தன. 1985 செப்டம்பரில் ஐந்து நாடுகள் செய்த பிளாசா உடன்பாட்டின்போது ஒரு டாலர் ஏறத்தாழ 240 யென். மூன்றே ஆண்டுகளில் அதில் பாதியளவுக்கு வந்துவிட்டது. 1990இல் வெளிநாடு சென்றோர் ஒரு கோடிக்கும் மேல். அசல் ஹவாய் இவ்வளவு மலிவாகக் கிடைக்கும்போது நகலை நாடுவோர் யார்? தீவின் கடலும் மலையும் முன்போலவே அழகாய் இருந்தன. மாறியது ஒரு சட்டமும் ஒரு நாணய விகிதமும்தான்.

பாழடைந்த கட்டடங்களை ஜப்பானியர் ‘ஹைக்கியோ’ என்பர். அவற்றைத் தேடிச்சென்று படம்பிடிப்போர் பலர். அனுமதியின்றி நுழைவது குற்றம். தளம் இடிந்து உயிருக்கும் ஆபத்து நேரலாம். நாம் அறிவியலின் துணையோடு வெளியிலிருந்தே பார்ப்போம்.

கற்காரை கல்லைப்போல் நிலையானது என்று நாம் எண்ணுகிறோம். இழுவிசையைத் தாங்கும் அதன் வலிமையில் பெரும்பங்கு உள்ளே இருக்கும் எஃகுக் கம்பிகளுடையது. புதிய கற்காரையில் சுண்ணாம்பின் காரத்தன்மை மிகுதி. அதனால் கம்பியின்மேல் மெல்லிய ஆக்சைடுப் படலம் உண்டாகி அதைத் துருவினின்று காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு நுண்துளைகள் வழியே மெல்ல உட்புகுந்து இக்காரத்தன்மையைக் குறைக்கும். கடற்காற்று சுமந்துவரும் உப்பின் குளோரைடோ, காரம் குறையும்வரை காத்திராமல் அப்படலத்தை நேரே உடைக்கும். துரு, தான் தோன்றிய இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். உள்ளிருந்து வரும் அந்த அழுத்தத்தைத் தாங்காமல் கற்காரை வெடித்து உதிரும். விரிசல் வழியே மேலும் நீர், மேலும் உப்பு.

ஹச்சிஜோவில் ஆண்டு மழை 3,000 மில்லிமீட்டருக்கும் மேல், சூறாவளிகளும் வரும். ஆட்கள் இருந்தவரை சாயம் பூசி, கூரையின் ஒழுக்கை அடைத்து, வடிகாலில் சேரும் இலைகளை அள்ளினார்கள். அந்த எளிய வேலை நின்ற நாள் முதலே அழிவு விரைவடைகிறது. வடிகால் அடைத்துக்கொண்டால் மாடியில் நீர் தேங்கும். சருகு மக்கி மண்ணாகும். பறவை இட்ட விதை அதில் முளைக்கும். வெப்பமும் ஈரமும் மிகுந்த இத்தீவில் செடிக்கு வேறென்ன வேண்டும்?

இடித்துத் தள்ளினால் என்ன என்று கேட்கத் தோன்றும். இப்பேர்ப்பட்ட கட்டடத்தை உடைக்கும் பொறிகளைக் கப்பலில் கொண்டுவர வேண்டும். உடைத்த குவியலை இச்சிறு தீவில் கொட்ட இடமேது? அதையும் கப்பலேற்றித்தான் அனுப்ப வேண்டும். பயணிகளைக் கொண்டுவந்த அதே கடல்வழியில், கூலி கொடுக்க யாருமில்லாத சரக்காக!

தீவு மக்கள் மீன் பிடிக்கிறார்கள். அலங்காரச் செடிகள் வளர்க்கிறார்கள். ஒருவகைப் புல்லிலிருந்து எடுத்த மஞ்சள் சாயம் தோய்த்துப் பட்டும் நெய்கிறார்கள். கைதிகளின் காலத்தில் அரசுக்கு வரியாகச் செலுத்தப்பட்ட பட்டு அது.