கோல்கீப்பர் பயிற்சி: தாம்பரமும் தென்சென்னைப் புறநகரும்

கால்பந்தில் கோல் கம்பத்தடியில் நிற்பவருக்கு மட்டும், மற்றப் பத்துப் பேரிடமிருந்து பிரித்துத் தரப்படுவது கோல்கீப்பர் பயிற்சி. பந்தைப் பிடிப்பது, பாய்ந்து தடுப்பது, முன்னேறி வந்து கோணத்தைக் குறைப்பது, கிராஸைப் பறிப்பது, காலால் பந்தைப் பிரித்துக் கொடுப்பது எல்லாம் இதில் சேரும். தமிழகத்தில் இந்த ஆட்டம் பழையது. கோல்கீப்பருக்கென்று தனி கோச் என்பது நேற்றைய சங்கதி.

தென்சென்னையில் உடற்கல்வி வேர் பிடித்த இடம் நந்தனம். ஹாரி குரோ பக் 1920இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்தவர்கள் பி.டி. மாஸ்டர்களாகப் பள்ளிகளுக்குப் போனார்கள். 1937இல் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்ததில் இந்தப் பக்கத்துக்குப் பெரிய மைதானம் வாய்த்தது. ஆனால் மாஸ்டர் பதினோரு பேருக்கும் ஒருவர்தான். கடைசிப் பத்து நிமிடம் ஆளாளுக்கு அடிக்கும் ஷாட்டுகளுக்கு முன்னால் நிற்பதே கோல்கீப்பருக்குக் கிடைத்த பயிற்சி.

அந்தக் காலத்தின் பெரிய பெயர் பீட்டர் தங்கராஜ். ஹைதராபாத்தில் 1935இல் பிறந்தவர், நீலகிரி வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டரில் சேர்ந்தபோது சென்டர் ஃபார்வர்டாகத்தான் ஆடினார். கோலுக்கு மாறியது பிறகு. அந்த அணி 1955லும் 1958லும் டூரண்ட் கோப்பையை வென்றது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்தியா தென்கொரியாவை 2-1 என வென்ற இறுதியாட்டத்தில் கோலைக் காத்தவர் அவர்தான். உயரமும் ராணுவ உடற்பயிற்சியும் அவருக்குக் கைகொடுத்தன. அந்த இரண்டும் இல்லாத பையனுக்கு யார் சொல்லித் தருவது என்ற கேள்வி வெகுகாலம் அப்படியே கிடந்தது.

சொல்லித் தர வேண்டியவை நுணுக்கமானவை. நெஞ்சுக்கு மேலே வரும் பந்துக்குக் கட்டைவிரல்கள் நெருங்கியிருக்க வேண்டும். கீழே வருவதற்குச் சுண்டுவிரல்கள். டைவ் அடிப்பதை முதலில் முழங்காலிட்டு, பிறகு குந்தியிருந்து, கடைசியில் நின்றபடி பழக வேண்டும். விழும்போது முழங்கையை ஊன்றக் கூடாது. தொடையின் வெளிப்பக்கம், இடுப்பு, தோள் என்று தரையில் படிய வேண்டும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அடித்த பெனால்டி 11 மீட்டரைக் கடக்க 0.4 விநாடிதான் ஆகும். அதற்குள் யோசிக்க நேரமில்லை, உடம்புக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

செம்மண்ணும் சரளையும் கலந்த புறநகர் மைதானத்தில் இதைப் பழகுவது வேறு கதை. இடுப்பில் ஒருமுறை தோல் உரிந்தவன் மறுநாள் பாயமாட்டான். காலை நீட்டித்தான் தடுப்பான், அதுவே பழக்கமாகிவிடும். கிளவுஸின் உள்ளங்கை ரப்பரையும் சரளை சீக்கிரமே தின்றுவிடும். ஐப்பசி மழையில் தரை இளகும்போது டைவ் பழகத் தோது. ஆனால் முடிச்சூர் போன்ற தாழ்வான பகுதிகளில் அப்போது மைதானமே குளம்.

வெளியுலகில் மாற்றம் முன்பே வந்திருந்தது. 1980களில் அயாக்ஸில் ஃபிரான்ஸ் ஹூக், பிறகு ஜெர்மனியில் செப் மையர் என முழுநேர கோல்கீப்பர் பயிற்சியாளர்கள் உருவானார்கள். 1992இல் வந்த பேக்பாஸ் விதி, சக ஆட்டக்காரர் காலால் திருப்பித் தரும் பந்தைக் கையால் தொடக் கூடாது என்றது. கோல்கீப்பருக்கும் கால்வேலை கட்டாயமானது.

இங்கே அந்த மாற்றம் மூன்று வழிகளில் வந்தது. வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் மேலக்கோட்டையூரில் உள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று. அடுத்தது 2014இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.); சென்னையின் எஃப்.சி. 2017–18இல் பட்டம் வென்றபோது கோலில் நின்றவர் கரண்ஜித் சிங். மூன்றாவது, மாமல்லபுரத்தில் பையன்கள் தங்கிப் படித்தபடியே பயிலும் எஃப்.சி. மெட்ராஸ் அகாடமி. ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் கோல்கீப்பர் பயிற்சியாளர் சான்றிதழ்ப் படிப்புகளை அகில இந்தியக் கால்பந்து சம்மேளனமும் நடத்துகிறது.

வேளச்சேரி, மேடவாக்கம், ஓ.எம்.ஆர். பக்கம் முளைத்த வாடகை டர்ஃப்கள் தோலைக் காப்பாற்றியது உண்மை. ஆனால் அங்கே கோல் சிறியது, ஆட்டம் ஐந்து பேருடையது. எதிர்வினை வேகம் கூடுகிறது. உயரப் பந்துக்கு எப்போது கிளம்புவது என்ற கணக்கு மட்டும் கைவருவதில்லை. 7.32 மீட்டர் அகல கோலில் நிற்கும்போது அந்தக் குறை வெளிப்பட்டுவிடும்.

2025 ஜூலை முதல், பந்தை எட்டு விநாடிக்கு மேல் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர். பிடித்த கையோடு யாருக்கு எறிவது என்று பார்ப்பதும் இப்போது பயிற்சியில் ஒரு பாடம்.