இரண்டு ப்ராஃபெட்கள், ஒரு கண்காட்சி

அமெரிக்க இசைக்கருவி வணிகர்களின் நேம் கண்காட்சிக்கு சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நிறுவனம் 1978 ஜனவரியில் கொண்டுவந்தது ப்ராஃபெட்-5. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1983 ஜனவரியில், அதே கண்காட்சிக்கு அதே நிறுவனம் கொண்டுவந்தது ப்ராஃபெட்-600. சிந்தசைசர் பித்தர்கள் இவ்விரண்டையும் ஒப்பிடும்போது தீர்ப்பு முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும்: மூத்தது மகுடம், இளையது அதன் மலிவுப் பதிப்பு. காதை மட்டும் நீதிபதியாக வைத்தால் இந்தத் தீர்ப்பில் பெரிய பிழையில்லை. ஆனால் அவை கண்காட்சி மேசையில் என்ன வாக்குறுதியோடு வந்தன என்று பார்த்தால் வேறொன்று தென்படுகிறது. முதல் கருவி தனக்குள் செய்துகொண்ட ஒன்றையே இரண்டாவது கருவி தனக்கு வெளியே செய்தது.

ப்ராஃபெட்-5க்கு முந்தைய நிலையை நினைத்துப் பார்ப்போம். கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்த ஓர் ஒலியை மறுநாள் மீட்க வேண்டுமானால், எந்தக் குமிழ் எங்கே நின்றது என்று தாளில் குறித்துவைப்பதே வழக்கம். யமஹாவின் சி.எஸ்-80 இதற்குக் கண்ட வழி ரசிக்கத்தக்கது. மேற்பலகைக் கட்டுப்பாடுகளின் குட்டிப் பிரதிகளை நான்கு தொகுதிகளாக ஒரு மூடிக்கு அடியில் அது ஒளித்துவைத்திருந்தது. நான்கு ஒலிகளை நினைவில் வைக்க வேண்டுமா, பலகையை நான்கு முறை சிறிதாகச் செய்து உள்ளே வை என்பது அதன் தர்க்கம்.

ப்ராஃபெட்-600க்கு முந்தைய நிலையும் இதற்குச் சளைத்ததல்ல. ஒரு கருவியிலிருந்து இன்னொன்றை இயக்க வேண்டுமானால் மின்னழுத்தக் கம்பி வேண்டும். ஒரு சுரத்துக்கு ஒரு கம்பி. பெரும்பாலான நிறுவனங்கள் ஒரு ஸ்தாயிக்கு ஒரு வோல்ட் என்று அளந்தன. கோர்கும் யமஹாவும் வேறு கணக்கில் அளந்தன. ரோலண்டுக்கு டி.சி.பி. என்று தனக்கென ஓர் எண்முறை இணைப்பு இருந்தது. அது ரோலண்டோடு மட்டுமே பேசும். அங்கே ஒலி நேற்றிலிருந்து இன்றைக்கு வர மறுத்தது. இங்கே இந்தப் பெட்டியிலிருந்து அந்தப் பெட்டிக்குப் போக மறுத்தது.

ப்ராஃபெட்-5 முதல் மறுப்பை உடைத்தது ஒரு இசட்80 மைக்ரோபிராசசரைக் கொண்டு. அது குமிழ்களை ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்து, அவற்றின் நிலையை எண்ணாக மாற்றி, எண்ணை மறுபடி மின்னழுத்தமாக்கி ஒலிச் சுற்றுகளுக்குப் பங்கிட்டது. இடையில் எண் என்ற ஒரு நிலை வந்துவிட்டதால் அதைச் சேமிக்க முடிந்தது. நாற்பது ஒலிகள், மின்கலத்தின் தயவில் உயிரோடிருக்கும் நினைவகத்தில் தங்கின. ப்ராஃபெட்-600 இரண்டாவது மறுப்பை உடைத்ததும் இதே முறையில்தான். கட்டை அழுத்தப்பட்டதை அதன் இசட்80 எண்ணாக்கியது. அந்த எண் பின்பக்கத்து ஐந்து முள் துளை வழியே, நொடிக்கு 31,250 பிட் வேகத்தில், வெளியே நடந்துபோனது. எண்ணை உள்ளே வைத்துக்கொண்டால் நினைவு. வெளியே அனுப்பினால் மிடி என்ற, கருவிகளுக்கான பொதுமொழி.

இந்த உறவு மேலோட்டமானதல்ல. மிடியின் செய்திகளில் ஒன்று, இன்ன எண்ணுள்ள ஒலிக்கு மாறு என்று எதிர்முனைக் கருவிக்குச் சொல்வது. ஒலிக்கு எண் இருக்கும், அந்த எண்ணைச் சொன்னால் முழு ஒலியும் வந்து நிற்கும் என்ற எண்ணமே இல்லாத உலகில் இப்படி ஒரு செய்தியை யார் யோசித்திருப்பார்கள்? அதற்கு ஒருபடி மேலே போய், ஒரு கருவியின் நினைவகத்தையே கம்பி வழியே இன்னொன்றுக்கு இறக்கிவைக்கவும் மிடியில் இடமுண்டு. அந்தத் தனிவகைச் செய்திகள் தயாரிப்பாளரின் அடையாள எண்ணோடு தொடங்கும். அந்தப் பட்டியலில் எண் 1 சீக்வென்ஷியல், ரோலண்டுக்கு 65.

இன்னொரு ஒற்றுமை காதுக்குத் தப்பிவிடும். ப்ராஃபெட்-5இல் ஐந்து குரல்களும் ஒன்றாக ஒலிப்பதாக நமக்குக் கேட்கிறது. உள்ளே பிராசசர் ஒவ்வொரு மின்னழுத்தத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகவே புதுப்பிக்கிறது. மிடியிலும் அப்படித்தான். ஒரு சுரத்தின் செய்தி மூன்று பைட். கம்பியில் அது போக ஏறத்தாழ ஒரு மில்லிநொடி. ஆறு விரல்களை ஒரே கணத்தில் வைத்தாலும் மறுமுனையில் சுரங்கள் வரிசையில் நின்றுதான் உள்ளே வருகின்றன. இரண்டு கருவிகளும் ஒரே நேரம் என்ற மயக்கத்தை வேகத்தால் உண்டாக்குகின்றன.

ஆனால் கண்காட்சியில் இவை நின்ற விதத்தில் ஒற்றுமை முடிந்துவிடுகிறது. ப்ராஃபெட்-5 தனியாக வந்து தனியாக வெல்லக்கூடிய கருவி. ஒரு பொத்தானை அழுத்தினால் பித்தளை வாத்தியக் கூட்டம், அடுத்ததை அழுத்தினால் தந்திகள். சுற்றி நிற்கும் கடைக்காரருக்கு வேறு விளக்கம் தேவையில்லை. மூக், ஆர்ப் போன்ற பெரிய வீடுகள் இதை எப்படியும் செய்துவிடும் என்று சீக்வென்ஷியலின் நிறுவனர் டேவ் ஸ்மித் முதலில் கையைக் கட்டிக்கொண்டிருந்தார். யாரும் செய்யவில்லை என்று கண்டபிறகுதான் 1977இல் வேலையை விட்டுவிட்டு இறங்கினார். வெற்றியின் சுவையே அதில்தான்: போட்டியாளர் எவரிடமும் இல்லாத ஒன்று.

ப்ராஃபெட்-600க்கு நேர்மாறான தேவை. பெண் பார்க்கும் சடங்குக்கு ஒரு வீட்டார் மட்டும் கூடி என்ன பயன்? கம்பி ஒன்றைச் செய்து காட்ட மறுமுனையில் இன்னொரு கருவி வேண்டும். அது போட்டியாளருடையதாக இருந்தால்தான் காட்சிக்கே பொருள். 1983 கண்காட்சி நடந்த அனஹைமில் அந்த மறுமுனையாக வந்தது ரோலண்டின் ஜூபிடர்-6. அதற்கு முன்னே ஒன்றரை ஆண்டுப் பேச்சுவார்த்தை நடந்திருந்தது. 1981 கோடைக் கண்காட்சியில் ரோலண்டின் இகுதாரோ ககேஹாஷி தொடங்கிவைத்த யோசனை, அதே ஆண்டு நவம்பரில் ஸ்மித்தும் சீக்வென்ஷியலின் செட் வுட்டும் ஒலிப்பொறியாளர் சங்கத்தில் வாசித்த கட்டுரை, பிறகு ஜப்பானிய நிறுவனங்கள் சேர்த்த திருத்தங்கள். முதல் கண்காட்சியின் வெற்றி பிறரிடம் இல்லாததில் இருந்தது. இரண்டாவதன் வெற்றி பிறரிடமும் இருப்பதில்.

அங்கே அக்கம்பக்கமாக நின்ற இரண்டு போட்டிக் கருவிகளைத் திறந்து பார்த்தால் ஒரு வேடிக்கை. ப்ராஃபெட்-600இலும் ஜூபிடர்-6இலும் ஒலியைப் பிறப்பிப்பது கலிஃபோர்னியாவின் டக் கர்ட்டிஸ் வடிவமைத்த ஒரே வகை ஆஸிலேட்டர் சிப்தான். சீக்வென்ஷியலின் சான் ஹோசேயும் ரோலண்டின் ஒசாகாவும் கம்பியால் இணைவதற்கு முன்பே ஒரே கடையில் அரிசி வாங்கிக்கொண்டிருந்தன.

பணத்தின் பாதையும் நேரெதிர்த் திசைகளில் ஓடியது. ப்ராஃபெட்-5 வேறொரு நிறுவனத்தின் அறிவையும் சேர்த்துக் கட்டிய கருவி. கட்டைகளைப் படிக்கும் நுட்பம் இ-மு நிறுவனத்துடையது. விற்ற ஒவ்வொரு கருவிக்கும் அதற்குப் பங்கு போனது. 1980இல் சீக்வென்ஷியல் அந்தப் பங்கை நிறுத்திக்கொண்டது. வருமானம் அறுந்த இ-மு, வாழ வழி தேடி எமுலேட்டர் என்ற, ஒலிகளைப் பதிந்து வாசிக்கும் சாம்ப்ளரைச் செய்தது. ஒரு பூசல் இன்னொரு வகைக் கருவியின் பிறப்புக்கே வழிவிட்டது என்பது வரலாற்றின் குறும்பு. மிடியிலோ பங்கு என்ற பேச்சே இல்லை. யாரும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம் என்று அதைச் செய்தவர்கள் விட்டுவிட்டார்கள். உரிமத் தொகை கேட்டிருந்தால் ரோலண்ட், கோர்க், யமஹா, கவாய் எல்லாம் ஒரே மேசைக்கு வந்திருக்குமா என்பது சந்தேகமே.

கட்டுமானத்தைப் பார்த்தால் மூத்ததன் ரசிகர்கள் நிமிர்ந்து உட்காரலாம். ஏறத்தாழ 4,000 டாலர் விலையில் வந்த ப்ராஃபெட்-5இல் ஒவ்வொரு குரலுக்கும் தாராளமான தனிச் சுற்றுகள். ஒலி எழுந்து அடங்கும் விதத்தை வகுக்கும் என்வலப்களுக்கும் தனிச் சிப்கள். 1,995 டாலர் ப்ராஃபெட்-600 ஒரு குரலைக் கூட்டி, நினைவிடங்களை 100 ஆக்கி, விலையைப் பாதியாக்கியது. அந்தக் கணக்கு எங்கோ இடிக்கத்தானே வேண்டும்? இடித்தது மென்பொருளில். என்வலப்களை உருவாக்கும் வேலையையும் பாவம் அந்த ஒற்றை இசட்80 தலையிலேயே கட்டினார்கள். அது தடுமாறியது; வேகமான தொடக்கங்கள் மழுங்கின, ஃபில்டர் குமிழைத் திருப்பினால் ஒலி படிப்படியாக ஏறுவது கேட்டது. பொத்தான்களும் அழுத்தமில்லாத சவ்வுப் பலகையாயின.

எனக்கு இந்த ஒப்பீட்டில் மிகப் பிடித்த திருப்பம் இங்கேதான் வருகிறது. மலிவுக்காகச் செய்த அந்தச் சமரசமே பிற்காலத்தில் 600க்கு வரமானது. குறை மென்பொருளில் இருந்ததால், மூன்று தசாப்தங்கள் கழித்து ஓர் ஆர்வலர் இசட்80ஐக் கழற்றிவிட்டு ஒரு சிறு நவீன பிராசசர் பலகையைப் பொருத்திப் புது மென்பொருள் எழுதினார். என்வலப்கள் விறுவிறுப்பாயின, படிக்கட்டுகள் மறைந்தன. ப்ராஃபெட்-5இன் என்வலப் சிலிக்கானில் உறைந்தது. பிறந்தநாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும், அதற்காகவே விரும்பப்படும். ப்ராஃபெட்-600 பிறந்தபோது இருந்ததைவிட வயதானபின் நன்றாகப் பாடும் கருவியாகிவிட்டது.

இரண்டு கருவிகளும் கொடுத்தவற்றைப் போலவே எடுத்துக்கொண்டவையும் உண்டு. ப்ராஃபெட்-5இல் சேமித்த ஒலியை அழைத்தபின் பலகையைப் பார்த்தால் கண் ஏமாறும்: குமிழ் ஓரிடத்தில் நிற்கும், ஒலி வேறொரு நிலையில் இருக்கும். அதுவரை சிந்தசைசரின் முகமே அதன் உண்மை. அந்த நம்பிக்கை அன்றோடு போயிற்று. கூடவே, தொழிற்சாலை நிரப்பி அனுப்பிய ஒலிகளே போதும் என்ற சோம்பலும் புகுந்தது.

மிடியின் இழப்பு இன்னும் ஆழமானது. அது கட்டை என்ற பொருளை மையமாக வைத்து உலகைப் பார்க்கிறது: இன்ன எண்ணுள்ள கட்டை அழுந்தியது, எழுந்தது. சுரங்களுக்கு இடையே வாழும் கமகத்தை உயிராகக் கொண்ட நம் இசைக்கு இந்தப் பார்வை எவ்வளவு குறுகியது என்று சொல்ல வேண்டியதில்லை. சுரத்தை வளைக்கும் செய்தி மிடியில் உண்டு. ஆனால் அது தான் செல்லும் சேனலில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களையும் சேர்த்தே வளைக்கும். ஒவ்வொரு சுரத்துக்கும் தனி வளைவு தரும் ஏற்பாடு மிடி நெறிக்குள் முறைப்படி வந்தது 2018இல்தான்.

குறுகியது என்றேனே தவிர, அந்த நெறியில் தொலைநோக்கும் இருந்தது. கட்டை எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது என்பதற்கு ஒவ்வொரு சுரச் செய்தியிலும் ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அனஹைம் மேசையில் நின்ற இரு கருவிகளுக்கோ அந்த வேகத்தை உணரும் திறன் கிடையாது. ப்ராஃபெட்-5க்கும் அது இல்லை. மெல்ல வைத்தாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே ஒலி. கருவிகளுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லும் மொழியை அவை பேசத் தொடங்கியிருந்தன. 1983லேயே வெளிவந்த யமஹாவின் டி.எக்ஸ்7 அந்த இடத்தை நிரப்பியது. சீக்வென்ஷியல் போன்ற வீடுகளின் சந்தையையும் அதுவே விழுங்கியது. 1987இல் சீக்வென்ஷியலை யமஹா வாங்கிக்கொண்டது.

இவற்றின் மறுபிறவிகளும் அதே குணபேதத்தோடு வந்தன. ககேஹாஷி எடுத்துச் சொல்ல, 2015இல் யமஹா சீக்வென்ஷியல் என்ற பெயரை ஸ்மித்திடமே திருப்பிக் கொடுத்தது. 2020இல் அவர் ப்ராஃபெட்-5ஐ மீண்டும் வெளியிட்டார். கூடவே, 1978இல் சூடேறிப்போய்க் கைவிட நேர்ந்த பத்துக்குரல் வடிவத்தையும். இரண்டிலும் மிடித் துளைகள் உண்டு. கட்டைகள் விரலின் வேகத்தை உணர்கின்றன. ப்ராஃபெட்-600ஐ அதன் தாய்வீடு மறுபடி செய்யவில்லை. அதைப் பின்பற்றிப் ப்ரோ-800 என்ற எட்டுக்குரல் கருவியைக் கொண்டுவந்தது பெரிங்கர். ஆர்வலர் எழுதிய அந்தப் புது மென்பொருளின் வழியில் அமைந்தது அது. மூத்ததன் வாரிசு வீட்டுக்குள்ளேயே பிறந்தது. இளையதன் வாரிசு, அது கண்காட்சிக்குக் கொண்டுவந்த கம்பியைப் போலவே, அடுத்த வீட்டில் வளர்கிறது.