சாலையும் தையலும்

திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவை அடுத்து வலியசாலை என்றோர் இடம் உண்டு. தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் தெருக்கள் அங்கே உள்ளன. சாலை என்றதும் நாம் வண்டி செல்லும் பாதையையே எண்ணுகிறோம். பழைய சாசனங்களிலோ அச்சொல் மாணவர் உண்டு உறைந்து கல்வி பயின்ற நிலையத்தைக் குறிக்கும். புகழ்பெற்ற காந்தளூர்ச் சாலை இப்பகுதியில் இருந்ததென்று அறிஞர் பலர் கருதுவர். கி.பி. 866-இல் ஆய் மன்னன் கருநந்தடக்கன் பார்த்திவசேகரபுரத்தில் 95 மாணவர்க்கு ஒரு சாலை அமைத்தபோது, காந்தளூரின் முறையையே அதற்கும் முறையாக்கினான்.

முன்னுள்ளதைப் பார்த்து அவ்வாறே செய்து பழகும் வழி கைத்தொழிலுக்கும் பொருந்தும். இக்காலத்தில் பல நாட்டுத் தையற்கலைஞர்கள் பழம்போர்வை ஒன்றை முன்வைத்து, அதனை அப்படியே மீண்டும் தைத்துத் துண்டுத்துணித் தையல் கற்கின்றனர். அவர்கள் விரும்பி எடுத்துக்கொள்வனவற்றுள் ஒன்று, 'ராஜா' என்னும் கப்பலிற் பிறந்த போர்வை.

1841 ஏப்ரலில் அக்கப்பல் 180 பெண் கைதிகளை ஏற்றிக்கொண்டு இங்கிலாந்திலிருந்து புறப்பட்டது. நாடு கடத்தப்பட்ட அவர்களுக்குக் கரையேறிய பின் பிழைக்க ஒரு தொழில் வேண்டுமே! எலிசபெத் ஃபிரை அம்மையாரின் மாதர் சங்கம் ஊசி, நூல், கத்தரி, துண்டுத்துணி முதலியவற்றை அளித்தது. கெசியா ஹேட்டர் என்ற இளநங்கை மேற்பார்வையாளராக உடன் சென்றார். ஜூலையில் ஹோபர்ட் துறைமுகத்தை அடையுமுன், 2,815 துண்டுகள் கொண்ட போர்வை உருவாகிவிட்டது. சங்கத்தாருக்கு நன்றி கூறும் வாசகமும் அதில் தைக்கப்பட்டுள்ளது.

அதன் நடுவே வெள்ளைத் துணிமீது சீட்டித்துணியின் பூக்களும் பறவைகளும் கத்தரித்து வைத்துத் தைக்கப்பட்டுள்ளன. இம்முறை நமக்கு அயலானதன்று. நம் சோழமண்டலக் கரையில் வண்ணந்தீட்டிய சீட்டிகள் ஐரோப்பாவை மயக்கின. அங்குள்ள நெசவாளர் முறையிட, இங்கிலாந்து 1721-இல் அவற்றை உடுக்கவும் தடை விதித்தது. கிடைத்தற்கரிய துணியை வீணாக்க யாருக்கு மனம் வரும்? ஒரு பூவையும் விடாது வெட்டியெடுத்து ஒட்டித் தைத்தனர். 'ராஜா'வில் இருந்தவை நம் கரைத் துணிகள் அல்ல, இங்கிலாந்திலேயே அச்சிடப்பட்டவை. அதற்குள் தொழில் அங்கே குடிபெயர்ந்துவிட்டது.

நடுப்பகுதியைச் சுற்றிப் பன்னிரண்டு வரிசைகள் உள்ளன. கற்பவரைச் சோதிப்பவை இவையே. முதல் வரிசையில் நூலளவு பிசகினால், கடைசி வரிசையில் அது விரலளவாகி மூலை கூடாது நிற்கும். பிரித்துத்தான் தைக்க வேண்டும். மூலப்போர்வையில் சில தையல்கள் மிக நுண்ணியவை; சில, ஊசி பிடித்தறியாத கையின் தடுமாற்றங்கள். அவற்றையும் அப்படியே படியெடுப்பதா, திருத்துவதா என்ற வழக்கு எழுவது இயல்பே. திருத்தலாகாது என்பது என் எண்ணம். அக்கோணல்கள் பயிலத் தொடங்கிய ஒரு பெண்ணின் முதல் நாட்கள் அல்லவா? அவளுடைய பெயர் எந்தத் துண்டிலும் இல்லை.

நெடுங்காலம் மறைந்திருந்த அப்போர்வை ஸ்காட்லாந்தில் கண்டெடுக்கப்பட்டு, 1989-இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தைச் சேர்ந்தது. துணி நலிந்திருத்தலால் எப்போதும் அது காட்சிக்கு வைக்கப்படுவதில்லை.