மொழி ஆசிரியர்களுக்கான இணையவழித் தொழில்நுட்பப் பயிற்சி: எங்கிருந்து தொடங்குவது?

மொழி ஆசிரியர்களுக்குத் தொழில்நுட்பப் பயிற்சி என்றதும் பலருக்கு நினைவில் வருவது சூம் வகுப்பும் பவர்பொயின்டும்தான். நிலாவெளிக்கும் குச்சவெளிக்கும் இடையில், களப்பு கடலோடு கலக்கும் இறக்கக்கண்டியில் இருந்துகொண்டு தமிழ், ஆங்கிலம், இரண்டாம் மொழிச் சிங்களம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இணையவழியில் இப்படியொரு பயிற்சியை நடத்தி வருகிறேன். எங்களைப் போன்ற இடங்களில் முதற் கேள்வி மிகவும் எளிமையானது. ஆசிரியர் தட்டச்சு செய்த தமிழ், மாணவரின் கைத்தொலைபேசியில் தமிழாகத் திறக்கிறதா?

2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது வட்ஸ்அப் குழுக்களே வகுப்பறைகளாயின. 2022இல் எரிபொருள் தட்டுப்பாடும் நீண்ட மின்வெட்டும் பாடசாலைகளை மறுபடி முடக்கின. பாடசாலைகள் திறந்த பின்னரும் வினாத்தாள், பாடக்குறிப்பு, வீட்டுவேலை எல்லாம் தொலைபேசி வழியே போவது நின்றுவிடவில்லை. ஆனால் அதற்கான பயிற்சி நம் ஆசிரியர்கள் பலருக்கு முறையாகக் கிடைக்கவில்லை. தம் ஊரில் இத்தகைய பயிற்சியைத் தொடங்க விரும்புவோருக்கு உதவும் என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறேன்.

பாமினிக்குள் அடைபட்ட பாடங்கள்

"ரீச்சர், நான் அனுப்பின பேப்பரைப் பிள்ளைகளின்ர போனில வாசிக்க ஏலாதாம்." பயிற்சியில் சேரும் ஆசிரியர்களிடம் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு இது. பெரும்பாலும் காரணம் பாமினி எழுத்துரு.

இலங்கைத் தமிழ்ப் பாடசாலைகளில் நீண்டகாலமாகப் பாமினியிலேயே வினாத்தாள்கள் தயாராகின. பாமினியில் நாம் 'த' என்று காண்பது கணினிக்கு 'ஜே' என்ற ஆங்கில எழுத்து. 'ம' என்பது அதற்கு 'கே'. அந்த எழுத்துகளின் மேல் தமிழ் வடிவம் போர்த்தப்பட்டிருக்கிறது. எழுத்துரு இல்லாத கருவியில் போர்வை விலகிவிடும். பொருளற்ற ஆங்கில எழுத்துகளே மிஞ்சும். தமிழில் தேடினால் அந்தக் கோப்பு அகப்படாது. பார்வைக் குறைபாடுள்ள மாணவருக்குத் திரைவாசிப்பான் அதைத் தமிழாக வாசித்துக் காட்டவும் மாட்டாது.

யூனிகோட் முறை தமிழ் எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் அவற்றுக்கே உரிய எண்களைத் தந்தது. 1991இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. இன்றைய கைத்தொலைபேசிகள் எல்லாம் யூனிகோட் தமிழைக் காட்டும்.

இருபது வருடம் பாமினியில் தட்டச்சு செய்த ஆசிரியரிடம் 'எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள்' என்று சொன்னால் அவர் அடுத்த வாரம் வரமாட்டார். அதற்குத் தேவையும் இல்லை. எ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் ஆகிய இலவச மென்பொருள்களில் பாமினி விசை அமைப்பு உண்டு. விரல்கள் பழைய இடத்திலேயே போகும், எழுத்து யூனிகோடில் விழும். கைத்தொலைபேசியில் செல்லினம் அல்லது கூகுளின் விசைப்பலகை போதும். கூகுள் விசைப்பலகையில் விரலால் எழுதினாலும் தமிழ் எழுத்தாக மாறும். தட்டச்சுக்குத் தயங்கும் மூத்த ஆசிரியர்களுக்கு அது பெரிய ஆறுதல்.

பழைய கோப்புகளை மாற்ற, புலம்பெயர்ந்த ஈழத்தமிழரான சுரதா யாழ்வாணன் உருவாக்கிய 'பொங்குதமிழ்' மாற்றி பலருக்குக் கைகொடுத்திருக்கிறது. மாற்றும்போது ஓர் எச்சரிக்கை. கோப்பில் இடையிடையே உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவையும் தமிழ் எழுத்துக் குவியலாகிவிடும். ஆங்கில ஆசிரியர்களின் இருமொழி வினாத்தாள்களைப் பகுதி பகுதியாகவே மாற்ற வேண்டும். அவசரத்துக்குப் பி.டி.எவ். ஆக்கி அனுப்பினால் எழுத்து சரியாகத் தெரியும். ஆனால் உள்ளே இருப்பது பாமினிதான். தேடவோ பிரதி எடுத்துத் திருத்தவோ முடியாது.

டேட்டாவுக்குள் அடங்கும் வகுப்பு

ஒரு யூனிகோட் தமிழ்க் குறி சேமிக்கப்படும்போது வழக்கமாக 3 பைட் இடம் பிடிக்கும். 2,000 குறிகள் கொண்ட ஒரு பக்கப் பாடம் சுமார் 6 கே.பி. அதே பக்கத்தைக் கைத்தொலைபேசியில் படமெடுத்தால் 2 அல்லது 3 எம்.பி. வரும். வட்ஸ்அப் அதைச் சுருக்கி அனுப்பினாலும் எழுத்து மங்கும், பாரமும் எழுத்துப் பாடத்தைவிடப் பல மடங்கு இருக்கும். ரீலோட் அட்டையை எண்ணிப் போடும் வீட்டில் இந்த வேறுபாடே பிள்ளை பாடத்தைப் பார்ப்பதா, விடுவதா என்பதைத் தீர்மானிக்கிறது.

குரல்பதிவு இரண்டாவது இடத்தில் வரும். ஒரு நிமிட வட்ஸ்அப் குரல்பதிவு ஒரு படத்தைவிடப் பொதுவாகச் சிறியது. உச்சரிப்பு, செய்யுள் வாசிப்பு, சொல்வதெழுதுதல் ஆகியவற்றுக்கு அது மிகப் பொருத்தம். காணொளி கடைசி. சூம் இலவசக் கணக்கில் குழுச் சந்திப்புக்கு 40 நிமிடம்தான். அதைப் பாடம் நடத்தச் செலவழிக்காமல் சந்தேகம் தீர்க்க மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

ஆறு வாரம், ஆறு வேலைகள்

நான் பின்பற்றும் ஒழுங்கு இது. ஒவ்வொரு வாரமும் ஆசிரியர் கையில் ஒரு பொருள் மிஞ்ச வேண்டும்.

1. யூனிகோடில் ஒரு பக்கப் பாடம். கணினி இல்லாதவர் கைத்தொலைபேசியில் செய்யலாம்.
2. பழைய பாமினி வினாத்தாள் ஒன்றை மாற்றிப் பிழைதிருத்துவது.
3. மூன்று நிமிடத்துக்கு மேற்படாத குரல் பாடம்.
4. கூகுள் படிவத்தில் பத்து வினாக்கள் கொண்ட சிறு பரீட்சை. புள்ளி தானாகவே வரும்.
5. இயந்திரம் எழுதியதைச் சரிபார்ப்பது.
6. சேமிப்பும் பகிர்வும்.

பாடமும் வேலையும் வாரத் தொடக்கத்திலேயே குழுவுக்குப் போய்விடும். வலைத்தொடர்பு கிடைக்கும் நேரத்தில் அவரவர் செய்து அனுப்பலாம். முழு வலயத்துக்கும் பயிற்சி நடத்துவோர் மூடில் தளத்தை யோசிக்கலாம். அது இலவசம், அதன் கைத்தொலைபேசிச் செயலியில் பாடங்களைத் தரவிறக்கி இணையம் இல்லாமலும் படிக்கலாம். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் மூன்று மொழிகளிலும் பாடங்கள் உள்ளன. அங்கு இருப்பதை நாம் மீண்டும் தட்டச்சு செய்து நேரத்தை வீணாக்கத் தேவையில்லை.

இயந்திரத்தின் பிழையே பாடம்

ஐந்தாம் வாரம்தான் மொழி ஆசிரியர்கள் அதிகம் பேசும் வாரம். கூகுளின் குரல் தட்டச்சில் 'தமிழ் (இலங்கை)' என்ற தெரிவு உண்டு. மாணவர் ஒருவர் ஒரு பத்தியைப் பேச, தொலைபேசி அதை எழுதும். ல, ள, ழ வேறுபாட்டிலும் ர, ற வேறுபாட்டிலும் அது தடுமாறும் இடங்களை வகுப்பு திருத்தும். இது சொல்வதெழுதுதலின் தலைகீழ் வடிவம். பிள்ளையின் பிழையைச் சிவப்பு மையில் வட்டமிடாமல், இயந்திரத்தின் பிழையைப் பிள்ளை வட்டமிடுகிறது.

கரையோரப் பிள்ளைகளுக்குச் சோளகம், கச்சான், வாடை, கொண்டல் என்று காற்றுகளின் பெயர் தெரியும். கரைவலை, தோணி, வாடி தெரியும். இவற்றில் பல சொற்களைத் தொலைபேசியின் விசைப்பலகை தானாக முன்மொழியாது. வகுப்பாகச் சேர்ந்து ஐம்பது சொற்களின் அகராதி செய்யச் சொன்னால், தட்டச்சும் வருகிறது, வீட்டிலுள்ள பெரியவர்களோடு பேச்சும் வளர்கிறது.

இரண்டாம் மொழி ஆசிரியர்களுக்கு வேறொரு பயிற்சி. 1987இல் வந்த பதின்மூன்றாம் திருத்தத்தின்படி தமிழும் ஆட்சிமொழி. ஆனால் பிழையான தமிழில் தொங்கும் அரச அறிவித்தல் பலகைகளை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். ஒரு சிங்கள அறிவித்தலைக் கூகுள் மொழிபெயர்ப்பில் இட்டு, வரும் தமிழைத் திருத்தி, முறையான கடிதத் தமிழாக்குவதே வேலை. நாளை இந்தப் பிள்ளை பிரதேச செயலகத்தில் ஒரு படிவத்தை வாசிக்கும்போது இது உதவும்.

2022 நவம்பரில் வெளிவந்த சட்ஜிபிடி போன்ற கருவிகளையும் ஒதுக்கிவிட முடியாது. பயிற்சி வினாக்களின் முதல் வரைவுக்கு அவை பயன்படும். இலக்கியத்தில் மட்டும் கவனம் தேவை. இல்லாத செய்யுளை இருப்பதாக எழுதும், ஒருவர் பாட்டை இன்னொருவர் பெயரில் தரும். மேற்கோள் எதையும் பாடநூலிலோ மதுரைத் திட்டத்திலோ நூலகம் தளத்திலோ பார்க்காமல் வகுப்புக்குக் கொண்டுபோகக் கூடாது.

கேட்கக் கூடாத கேள்விகள்

'என் குடும்பம்' என்ற கட்டுரை மொழி வகுப்பில் மிகச் சாதாரணமானது. நம் பகுதிகளில் அது சாதாரணமல்ல. காணாமல் ஆக்கப்பட்டோரின் வீடுகளில் போருக்குப் பின் பிறந்த பிள்ளைக்கும் அந்தக் கேள்வி கனமானது. நேரடி வகுப்பில் பிள்ளையின் முகத்தைப் பார்த்து ஆசிரியர் பேச்சை மாற்றலாம். இணையவழியில் பிள்ளை தனியே தொலைபேசியோடு இருக்கிறது. முகம் வாடியது நமக்குத் தெரியாது. ஆகவே எழுதும் தலைப்பு எதுவானாலும் இரண்டாவது தெரிவு ஒன்றைக் கட்டாயம் கொடுக்கும்படி ஆசிரியர்களிடம் சொல்கிறேன்.

கமராவைத் திறக்கும்படி வற்புறுத்துவதில்லை. தகரக் கொட்டிலில் இருப்பவரும் வகுப்புக்கு வரவேண்டும். பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்வதானால் எதற்காக, யார் கேட்பார்கள் என்று சொல்லி அனுமதி பெற வேண்டும். பெயர் சொல்ல அஞ்சுபவரின் பெயரைக் கேட்கக் கூடாது. வட்ஸ்அப் குழுவில் எல்லோருடைய இலக்கமும் எல்லோருக்கும் தெரியும் என்பதைச் சேர்க்கும் முன்பே அறிவிக்க வேண்டும். ஆசிரியைகள் பலர் தயங்குவது இதனால்தான்.

மூன்று இடத்தில் ஒரு பிரதி

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் அழிந்தன. 1990இல் திருகோணமலை மாவட்டத்திலிருந்து இடம்பெயர்ந்தவர்கள் கையில் அகப்பட்டதோடு ஓடினார்கள். 2004 டிசம்பர் 26இல் கடல் மிச்சத்தையும் கொண்டுபோனது. சான்றிதழ், கொப்பி, ஒரு ஆசிரியரின் வாழ்நாள் குறிப்பு எல்லாம் அதில் அடங்கும். இந்த ஊர்களில் சேமிப்பு என்பதை வெறும் கணினிப் பாடமாகச் சொல்லித்தர என்னால் முடியவில்லை.

வழி எளியது. ஒரு பிரதி தொலைபேசியில், ஒன்று கூகுள் டிரைவில், ஒன்று வேறு ஊரிலுள்ள இன்னொருவரிடம். கோப்பின் பெயரில் தரம், பாடம், அலகு, ஆண்டு இருக்க வேண்டும். பாடசாலை மலர்களும் பழைய வெளியீடுகளும் இருந்தால், 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தைத் தொடர்புகொள்ளலாம்.

கஷ்டப் பிரதேசப் பாடசாலைகளில் ஆசிரியர் சில வருடங்களில் இடமாற்றம் பெற்றுப் போகிறார். குறிப்புகளும் அவரோடு போகின்றன. புதிதாக வருபவர் வெறும் கையோடு தொடங்குகிறார். இடையில் ஒரு தவணை பிள்ளைகளுக்கு இழப்பு. ஆறாம் வாரத்தின் இறுதி வேலையாக, தன் பாடசாலையில் அடுத்து வரப்போகும் ஆசிரியருக்கென்று ஒரு தவணைக்கான பாடங்களை யூனிகோடில் அடுக்கி, அதிபரிடம் ஒப்படைக்கும்படி கேட்கிறேன். அதைச் செய்தவருக்குத்தான் பயிற்சி முடிந்தது என்று எழுதிக் கொடுக்கிறேன்.