டாங்கோ

டாங்கோ என்பது தென் அமெரிக்காவில் ரியோ டி லா பிளாட்டா ஆற்றின் முகத்துவாரத்தில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவான ஓர் இசை, ஒரு நடனம், ஒரு பாட்டு வகை. மூன்றுக்கும் இதே பெயர்தான். ஆற்றின் ஒரு கரையில் அர்ஜென்டினாவின் தலைநகர் புவெனஸ் அயர்ஸ், எதிர்க்கரையில் உருகுவேயின் தலைநகர் மொண்டேவீடியோ. டாங்கோ யாருடையது என்ற வழக்கு இரண்டு ஊர்களுக்கும் இடையே இன்னும் ஓய்ந்தபாடில்லை. ஆனாலும் 2009இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இதைச் சேர்த்தபோது இரு நாடுகளும் சேர்ந்துதான் விண்ணப்பம் போட்டன.

வாயில் ரோஜாவைக் கடித்துக்கொண்டு, தலையை வெடுக்கென்று திருப்பி, கூடத்தின் குறுக்கே நீள எட்டு வைத்து நடக்கும் ஜோடிதான் டாங்கோ என்று சினிமா நமக்குச் சொல்லியிருக்கிறது. புவெனஸ் அயர்ஸ்காரர்கள் அப்படி ஆடுவதில்லை.

பிறந்த இடம்

1869இல் எடுத்த கணக்கெடுப்பில் புவெனஸ் அயர்ஸின் மக்கள்தொகை இரண்டு லட்சத்தைத் தொடவில்லை. 1914இல் அது 15 லட்சத்தைத் தாண்டிவிட்டது. அதில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். இத்தாலியரும் ஸ்பானியரும்தான் அதிகம். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்களும் இருந்தார்கள். துறைமுகம், இறைச்சிக் கிடங்கு, ரயில்பாதை வேலை என்று வந்தவர்களில் பெரும்பாலோர் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்த ஆண்கள். நடுவில் முற்றம், சுற்றிலும் வரிசையாக அறைகள், அறைக்கு ஒரு குடும்பம் அல்லது நாலைந்து ஆட்கள் என்றிருந்த கொன்வென்டியோ எனும் வாடகைக் குடியிருப்புகளில் தங்கினார்கள்.

ஓசூர்க்காரர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஏற்கெனவே கலந்து புழங்கிய எல்லையூர் அது. சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு தமிழ்நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். இன்று பேருந்து நிலையத்தில் இந்தியும் ஒடியாவும் வங்காளமும் காதில் விழுகின்றன. மூக்கண்டப்பள்ளியிலோ ஜூஜூவாடியிலோ ஒரே அறையை ஷிஃப்ட் மாற்றிப் பங்கிட்டுக்கொள்ளும் இளைஞர்களுக்கு, கொன்வென்டியோவின் வாழ்க்கை புரியும். டாங்கோ சபையில் பிறந்த கலை அல்ல. வெவ்வேறு மொழிக்காரர்கள் வேலைக்காக வந்து குவிந்த இடத்தில், சாயங்காலப் பொழுதைப் போக்கத் தெரியாமல் பிறந்தது.

அதற்கு முன்பே அங்கே அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் சந்ததியினர் இருந்தார்கள். அவர்களுடைய பறைக்கூத்தான காந்தோம்பே, கியூபாவிலிருந்து கப்பலேறி வந்த ஹபனேரா தாளம், சமவெளியின் குதிரைக்காரர்கள் கிதாரோடு பாடிய மிலொங்கா, ஐரோப்பியர் கொண்டுவந்த போல்கா, வால்ட்ஸ் எல்லாம் சேர்ந்த கலவைதான் டாங்கோ. 1897இல் வெளிவந்த 'எல் என்ட்ரேரியானோ' என்ற ஆரம்பகால டாங்கோவை இயற்றிய ரொசெந்தோ மெந்திசாபால் கறுப்பினப் பியானோ கலைஞர். பின்னாளில் டாங்கோ அர்ஜென்டினாவின் தேசியப் பெருமை ஆனபோது இந்தக் கறுப்பினப் பங்கு வசதியாக மறக்கப்பட்டது. மதுக்கடைகளிலும் விலைமாதர் விடுதிகளிலும் ஒலித்த இசை என்பதால் பெரிய இடத்து மனிதர்கள் முகம் சுளித்தார்கள். பெண்கள் குறைவு என்பதால் ஆண்கள் ஆண்களோடே ஆடிப் பழகிக்கொண்டார்கள்.

தாளமும் கருவிகளும்

ஆரம்பத்தில் வயலின், புல்லாங்குழல், கிதார் என்ற மூவர் குழுதான். 1900 வாக்கில் பண்டோனியன் வந்து சேர்ந்ததும் இசையின் குணமே மாறியது. துள்ளல் குறைந்து கனம் கூடியது. மடித்து விரிக்கும் துருத்தியும் இரு பக்கமும் பொத்தான்களும் கொண்ட இந்தச் சதுரப் பெட்டி ஜெர்மனியில் பிறந்தது. கிரேஃபெல்ட் நகரத்து ஹைன்ரிஷ் பாண்ட் என்ற இசைக்கருவி வியாபாரியின் பெயரால் அழைக்கப்படுகிறது. டாங்கோவுக்குப் பயன்படும் பெட்டியில் வலக்கைக்கு 38, இடக்கைக்கு 33, ஆக 71 பொத்தான்கள். ஒரே பொத்தான் துருத்தியை விரிக்கும்போது ஒரு சுரமும் மூடும்போது வேறொரு சுரமும் தரும். ஆகவே வாசிப்பவர் நாலு விசைப்பலகைகளை மனப்பாடம் செய்ய வேண்டும். உட்கார்ந்து தொடைமேல் வைத்து வாசிப்பார்கள். அழுத்தம் வேண்டிய இடத்தில் முழங்காலைத் தூக்கி ஒரு வெட்டு வெட்டுவார்கள். கார்ல்ஸ்ஃபெல்ட் ஊரில் ஆல்ஃபிரட் ஆர்னால்ட் பட்டறையில் இரண்டாம் உலகப் போருக்கு முன் செய்த 'ஏ.ஏ.' முத்திரைப் பெட்டிகளுக்கு இன்றும் மவுசு அதிகம்.

இதே ரீடு குடும்பத்தைச் சேர்ந்த ஆர்மோனியமும் ஏறக்குறைய அதே காலத்தில் ஐரோப்பாவில் பிறந்து, இந்தியாவுக்கு வந்து, கைத்துருத்தி வடிவம் எடுத்து, நாடக மேடையையும் தெருக்கூத்தையும் பிடித்துக்கொண்டது. ஆனால் அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்துக்குத் தடை போட்டு, முப்பது ஆண்டு கழித்துத்தான் தளர்த்தியது. அர்ஜென்டினாவிலோ வந்தேறிக் கருவியே தேசத்தின் குரலாகிவிட்டது. இரண்டில் எது விவேகம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

டாங்கோ வாத்தியக் குழுவில் தோல் கருவியே கிடையாது என்பது நம்மவருக்கு வியப்பாக இருக்கும். இரண்டு பண்டோனியன், இரண்டு வயலின், பியானோ, டபுள் பாஸ் என்ற அறுவர் குழு 1920களில் நிலைபெற்றது. தாளத்தைப் பியானோவின் இடக்கையும் பாஸும் சுமக்கின்றன. வயலின்காரர் குதிரைக்குப் பின்பக்கம் வில்லைத் தேய்த்துக் கறகறவென்று சில்வண்டு போல ஒலி எழுப்புவார். எளிய டாங்கோவில் நாலு அடியும் சமமாக விழும். இன்னொரு வகையில் எட்டு அட்சரம் 3, 3, 2 என்று பிரியும். சொல்கட்டு அறிந்தவர் 'தகிட தகிட தக' என்று வாயால் சொல்லிக்கொண்டே கையால் நாலு தட்டிப் பார்க்கலாம். தட்டுக்கும் சொல்லுக்கும் நடுவே ஒரு இடறல் கிடைக்கும். அந்த இடறல்தான் ஆடுபவரின் காலை இழுக்கிறது.

பாரிஸ் கொடுத்த மரியாதை

உள்ளூரில் மதிக்கப்படாத சரக்கு வெளியூர் போய்த் திரும்பினால் விலை ஏறும். டாங்கோவுக்கு அந்த வெளியூர் பாரிஸ். 1912, 1913இல் அங்கே டாங்கோ பைத்தியம் பிடித்தது. உடை, தேநீர் விருந்து, நிறம் எல்லாவற்றுக்கும் டாங்கோ என்று பெயர் வைத்தார்கள். எதிர்ப்பும் வந்தது. ஜெர்மனியின் கைசர் இரண்டாம் வில்ஹெல்ம் 1913இல் சீருடையில் இருக்கும் அதிகாரிகள் டாங்கோ ஆடக்கூடாது என்று தடை விதித்தார். பாரிஸ் பேராயரும் கண்டித்தார். தடைகள் வழக்கம்போல விளம்பரமாகவே முடிந்தன. பிரெஞ்சுக்காரர்களே ஆடுகிறார்கள் என்றதும் புவெனஸ் அயர்ஸின் பணக்கார வீடுகளின் கதவு திறந்தது.

1917இல் கார்லோஸ் கார்டெல் 'மி நோச்சே திரிஸ்தே'யைப் பதிவு செய்தார். காதலி விட்டுப்போன அறையில் தனித்திருப்பவனின் புலம்பல் அது. அதுவரை ஆட்டத்துக்கான இசையாக இருந்த டாங்கோ, அதன்பின் கதை சொல்லும் பாட்டாகவும் ஆனது. லுன்ஃபார்தோ எனும் துறைமுகத்துக் கொச்சைமொழி பாட்டில் ஏறியது. 1943இல் வந்த ராணுவ அரசு அந்தக் கொச்சையை வானொலியிலிருந்து விரட்டப் பார்த்தது. கார்டெல் பிரான்ஸின் துலூஸில் 1890இல் பிறந்தவர் என்கின்றன ஆவணங்கள். உருகுவேக்காரர்கள் எங்கள் ஊர்க்காரர் என்கிறார்கள். 1935 ஜூன் 24 அன்று கொலம்பியாவின் மெடயின் விமான நிலையத்தில் நடந்த விபத்தில் இறந்தார். அவருக்குப் பாட்டெழுதிய அல்ஃபிரேதோ லெ பேராவும் அதே விபத்தில் போய்ச் சேர்ந்தார். இருவரும் சேர்ந்து அந்த ஆண்டு உருவாக்கிய 'போர் உனா கபேசா' குதிரைப் பந்தயப் பைத்தியத்தையும் பெண் மோகத்தையும் ஒன்றாகக் கட்டிய பாட்டு. 'சென்ட் ஆஃப் எ உமன்' (1992) படத்தில் பார்வையற்றவராக நடிக்கும் அல் பசினோ ஆடுவது இந்த இசைக்குத்தான்.

உலகில் அதிகம் வாசிக்கப்பட்ட டாங்கோ 'லா கும்பர்சீதா'. மொண்டேவீடியோ மாணவர் ஹெரார்தோ மாத்தோஸ் ரொத்ரீகெஸ் 1916 வாக்கில் திருவிழா அணிவகுப்புக்காக எழுதிய மெட்டு அது. பின்னர் அவரைக் கேட்காமலே இரண்டு பேர் வேறு வரிகளை எழுதிச் சேர்த்துவிட, பாட்டு பிரபலமாகி வழக்கு பல ஆண்டு இழுத்தது.

1935 முதல் 1955 வரை பொற்காலம் என்பார்கள். ஹுவான் தாரியென்சோ, கார்லோஸ் டி சார்லி, அனிபால் டிராய்லோ, ஓஸ்வால்தோ புக்லியேசே ஆகிய நால்வரின் வாத்தியக் குழுக்களும் நான்கு பாணிகள். புக்லியேசே கம்யூனிஸ்ட், தன் குழுவைக் கூட்டுறவு முறையில் நடத்தி வருமானத்தைப் பங்கிட்டவர். அவரைச் சிறையில் அடைத்த நாட்களில் குழு நிகழ்ச்சியை ரத்து செய்யவில்லை. பியானோவின் மேல் ஒரு சிவப்புக் கார்னேஷன் பூவை வைத்துவிட்டு வாசித்தது. 1955இல் அதிபர் பெரோனின் ஆட்சி கவிழ்ந்தபின் டாங்கோவும் தளர்ந்தது; ராக் அண்ட் ரோல் இளைஞர்களை அள்ளிக்கொண்டது.

அந்தச் சரிவில்தான் ஆஸ்டர் பியாசோலா (1921–1992) எழுந்தார். நியூயார்க்கில் வளர்ந்தவர், சிறுவனாக கார்டெல் படமொன்றில் செய்தித்தாள் விற்கும் பையனாகத் தலைகாட்டியவர். 1954இல் பாரிஸில் நாடியா புலாஞ்சேயிடம் மேற்கத்திய செவ்வியல் பயின்று திரும்பி, டாங்கோவுக்குள் ஜாஸையும் பாஹையும் கொண்டுவந்தார். 'அடியோஸ் நோனினோ' (1959) தந்தையின் மரணச் செய்தி கேட்டு எழுதியது. அவர் இசை டாங்கோவே அல்ல என்று பழைய ரசிகர்கள் கொதித்தார்கள். ஆடுவதற்கு உதவாது என்ற அவர்கள் குறை நியாயமானதுதான். அவர் அதற்காக எழுதவும் இல்லை. 1983இல் பாரிஸிலும் 1985இல் பிராட்வேயிலும் அரங்கேறிய 'டாங்கோ அர்ஜென்டினோ' மேடைக் காட்சி நடனத்துக்கு மறுவாழ்வு தந்தது.

மிலொங்கா

டாங்கோ ஆடும் கூடத்துக்கும் மிலொங்கா என்றே பெயர். மூன்று அல்லது நான்கு பாட்டு சேர்ந்தது ஒரு சுற்று. சுற்று முடிந்ததும் சம்பந்தமில்லாத ஏதோ ஒரு இசை சில நொடி ஒலிக்கும், ஜோடிகள் பிரிந்து இருக்கைக்குத் திரும்புவார்கள். அழைப்பு வாய்ச்சொல்லில் இல்லை, கண்ணில். கூடத்தின் எதிர்மூலையிலிருந்து ஆண் பார்ப்பார். பெண்ணும் பார்த்துத் தலையசைத்தால் சம்மதம், பார்வையைத் திருப்பிக்கொண்டால் மறுப்பு. யார் முகமும் வாடாத ஏற்பாடு. எல்லா ஜோடிகளும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் கூடத்தைச் சுற்றி வருவார்கள். அடவு முன்கூட்டித் தீர்மானித்ததல்ல. நெஞ்சின் சாய்வில் ஒருவர் உணர்த்த மற்றவர் பின்தொடர்கிறார். கடைசிப் பாட்டு பெரும்பாலும் 'லா கும்பர்சீதா'.

பிற நாடுகள்

1921இல் வந்த ஹாலிவுட் படத்தில் ருடால்ஃப் வாலன்டினோ குதிரைக்கார உடையில் டாங்கோ ஆடினார். நகரத்து நடனத்துக்கு நாட்டுப்புற உடை! அந்தத் தவறு உலகெங்கும் பரவிவிட்டது. ஆங்கிலேயர்கள் 1920களில் டாங்கோவுக்குப் போட்டி விதிகள் எழுதினார்கள். தலையை வெட்டித் திருப்பும் பால்ரூம் பாணி அந்த வழியில் வந்தது.

பின்லாந்து டாங்கோவைத் தன் சொந்தச் சொத்தாகவே ஆக்கிக்கொண்டது. உன்டோ மோனோனென் எழுதிய 'சதுமா' (1955) அவர்களுக்கு இரண்டாவது தேசிய கீதம் போல. சைனயோகி நகரில் 1985 முதல் டாங்கோ திருவிழா நடக்கிறது. ஜப்பானில் மெகாதா பிரபு 1920களில் பாரிஸில் கற்று வந்து ஊரில் சொல்லிக்கொடுத்தார்.

தமிழ் எல்லையில்

இந்தியாவுக்கு டாங்கோ லண்டன் வழியாகவே வந்தது: ராணுவப் பாளையங்கள், ரயில்வே இன்ஸ்டிட்யூட்டுகள், கிளப்புகள். வால்ட்ஸ், ஃபாக்ஸ்ட்ராட், குவிக்ஸ்டெப்போடு அதுவும் பால்ரூம் பட்டியலில் ஓர் உருப்படி. கிருஷ்ணகிரிக்கு வடக்கே, குப்பம் தாண்டினால் வரும் கோலார் தங்கவயல் அப்படியான ஓர் இடம். ஜான் டெய்லர் கம்பெனி 1880களில் சுரங்கத் தொழிலை நிலைநிறுத்தியது. 1902இலேயே சிவசமுத்திரத்து மின்சாரம் வந்தது. ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும் கிளப்பிலும் நடனக் கூடத்திலும் ஆடினார்கள். பூமிக்கு அடியில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம் பக்கத்துத் தமிழர்கள். அன்றைய சேலம் மாவட்டத்தில் இன்றைய கிருஷ்ணகிரியும் அடக்கம். அவர்கள் லைன் வீடுகளில் இருந்தார்கள். டாங்கோவைப் பெற்றெடுத்தவர்களுடையதைப் போன்ற வாழ்க்கை லைன் வீட்டில். டாங்கோ மட்டும் கிளப்பில். சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது.

தமிழ் சினிமா லத்தீன் தாளங்களைப் பெயர் சொல்லாமலே விழுங்கிக்கொண்டது. எஸ். ராஜேஸ்வர ராவ் இசையமைத்த 'சந்திரலேகா' (1948) படத்தில் கர்நாடக, இந்துஸ்தானி இசையோடு லத்தீன் அமெரிக்கச் சாயலும் உண்டு. பின்னர் எம்.எஸ். விஸ்வநாதனின் குழுவில் பாங்கோவும் அக்கார்டியனும் நிரந்தர இடம் பிடித்தன. ஜோசப் கிருஷ்ணா, ஹென்றி டேனியல் போன்ற மேற்கத்திய இசை அறிந்த உதவியாளர்கள் இருந்தார்கள். திரையில் இவை 'கிளப் டான்ஸ்' ஆயின. இசையின் ஊர்பேர் தெரியாமலே ரசிப்பது நமக்குப் பழக்கம்தான். ஓசூரில் தயாராகும் டைட்டன் கைக்கடிகாரத்தின் விளம்பர இசை மொட்சார்ட்டின் 25ஆம் சிம்பொனி; கேட்டவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இப்போது ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர் தூரத்தில் பெங்களூரில் அர்ஜென்டினப் பாணி டாங்கோ வகுப்புகள் நடக்கின்றன. தமிழ்நாட்டில் ஆரோவில்லில் மிலொங்காக்கள் உண்டு. இரண்டுமே பெரும்பாலும் படித்த, வசதியுள்ள வட்டத்தின் பொழுதுபோக்கு.

புதிதாகக் கேட்க விரும்புபவர் பியாசோலாவில் தொடங்க வேண்டாம். முதலில் தாரியென்சோவைக் கேளுங்கள்; தாளம் பிடிபட்டதும் டி சார்லி, பிறகு புக்லியேசே. பியாசோலா கடைசியில் வரட்டும்.