பதுளைக் கடுகதியும் ஒப்பாரிக் கோச்சியும்

கொழும்புக்கும் பதுளைக்கும் இடையே இருப்புப்பாதையின் நீளம் ஏறத்தாழ 290 கிலோமீட்டர். அதைக் கடக்கக் கடுகதி என்று பெயர் பூண்ட வண்டிக்கும் ஒன்பது மணி நேரத்திற்கு மேல் வேண்டியிருந்தது. மலைதான் காரணம். நாற்பத்து நான்கு அடிக்கு ஓரடி உயரும் ஏற்றங்களைக் கடந்து, பட்டிப்பொலை அருகே 6,200 அடி உயரத்தைத் தொட்டு, பின்னர் ஊவாவை நோக்கி இறங்குகின்றது அப்பாதை.

1867இல் கண்டியை எட்டிய பாதை கோப்பிக்காக இடப்பட்டதாகும். கோப்பி நோயால் அழிந்து தேயிலை தழைத்தபின், அது 1885இல் நானுஓயாவையும், 1894இல் பண்டாரவளையையும் அடைந்தது. அங்கிருந்து பதுளை சேர மேலும் முப்பது ஆண்டுகள்! தெமோதரையில் நிலம் சடுதியாகத் தாழ்வதால், பாதை குன்றைச் சுற்றி வளைந்து, தான் கடந்த நிலையத்தின் அடியிலேயே சுரங்கம் வழியே செல்லுமாறு அமைத்தனர். பாம்பு தன் வாலின்கீழ் நுழைவது போன்ற காட்சி அது. 1924இல் வண்டி பதுளையை அடைந்தது.

கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா வழங்கிய டீசல் எஞ்சின்கள் 1954இல் வந்தன. பி. டி. ராம்பால புகையிரதப் பகுதியின் தலைவராயிருந்த காலத்தில், 1956இல், 'உடரட்ட மெனிக்கே' என்னும் கடுகதி ஓடத் தொடங்கிற்று. 'மலைநாட்டு மங்கை' என்று அதற்குப் பொருள் கூறலாம்.

தோட்ட மக்களோ புகைவண்டியைக் 'கோச்சி' என்பர். அவர்தம் முன்னோர் கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையிலிருந்து காடுகளூடே நடந்து வந்தவர்கள். வழியில் மாண்டோர் பலர். 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வழியினரின் குடியுரிமையைப் பறித்தது. 1964 அக்டோபரில் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை எழுந்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர். மக்களைத் தானியம்போல அளந்து பிரித்த கணக்கு!

பின்வந்த ஆண்டுகளில் ஊவாத் தோட்டக் குடும்பங்கள் பதுளையிலும் பண்டாரவளையிலும் வண்டியேறின. பொல்காவலையில் வடக்கே திரும்பி, மதவாச்சி வழியே தலைமன்னார். அங்கிருந்து கப்பலில் இராமேசுவரம். தமையன் ஏற, தங்கை மேடையில் நின்றாள். ஏறியவரும் வழியனுப்பியவரும் எழுப்பிய அழுகையால், அவ்வண்டிக்கு மலையகத்தார் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. முன்னோர் பல நாள் நடந்த காட்டுப் பகுதியைப் பேரர்கள் சில மணி நேரத்திற் கடந்தனர். விரைவு அங்கே யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

1984இல் கப்பல் நின்றது. பத்திரங்களோடு காத்திருந்து போகாமலே தங்கிவிட்டோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே இலங்கைக் குடியுரிமையை வழங்கிற்று.