‘கவிதை’ எனும் கோப்பு

கிழக்கு ஜெர்மனியில் 1950-இல் தோற்றுவிக்கப்பெற்ற ‘ஸ்டாசி’ என்னும் அரசுப் பாதுகாப்பு அமைச்சகம், மக்களின் முணுமுணுப்பையும் அறிக்கையாக்கி ஆட்சியாளர்க்கு அளித்துவந்தது. 1989-இல் அதன் முழுநேரப் பணியாளர் ஏறத்தாழ 91,000 பேர்; மறைமுக ஒற்றர் ஒன்றரை இலட்சத்தினும் மிகுதி.

சிறையிடாமலே ஒருவரைச் சிதைக்கும் வழிகளை 1976-ஆம் ஆண்டு ஆணையொன்று வகுத்தது: நற்பெயரைக் கெடுத்தல், நண்பர்க்கிடையே ஐயம் விதைத்தல், தொழிலில் தோல்வியுறச் செய்தல்.

கவிஞர் ரைனர் குன்ட்சேயைத் தொடர்ந்த கோப்பின் மறைபெயர் ‘கவிதை’. அது 12 தொகுதிகளாய், 3,491 பக்கங்களாய் வளர்ந்தது. 1976-இல் எழுத்தாளர் சங்கத்தினின்று நீக்கப்பெற்ற அவர், மறு ஆண்டே மேற்கு ஜெர்மனி சென்றார். 1990-இல் அக்கோப்பின் பகுதிகளை அவரே நூலாக்கினார்.

அத்தனையும் கேட்டறிந்த அரசு வீழ்ந்தது. ஒட்டுக்கேட்டல் வேறு, செவிசாய்த்தல் வேறு.